அக்கா சொன்ன இரண்டு சாட்சிகள்

வீட்டில் நானும் அக்காவும் வா, போ என்றுதான் பேசிக்கொள்வோம். சண்டை வந்தால் அதற்கும் கீழே இறங்குவோம். ஆனாலும் நினைவு மலரில் அச்சாகும்போது மரியாதையோடுதான் எழுத வேண்டும் என்று அக்காவின் கணவரான மாமா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே, தாயில்லாத எனக்குத் தாயாக இருந்த என் ஒரே அக்காவை ஆண்டவர் தம்மிடம் அழைத்துக்கொண்டு ஓராண்டு நிறையும் இந்த நாளில், 'அவர்' என்றே எழுதுகிறேன். எழுதவே பயமாக இருக்கிறது. நான் பிறவியிலேயே பயந்தவள் என்பது உறவினர் அனைவருக்கும் தெரிந்ததுதான்.

அக்கா நெய்வேலியில் பிறந்தார். அப்பா சேத்தியாத்தோப்புப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, சுரங்கத்தில் கான்ட்ராக்டில் சேர்ந்து, பிறகு பர்மனென்ட் ஆனவர். கம்பெனி கொடுத்த சிறிய குவார்ட்டர்ஸில்தான் அக்காவும் பிறகு நானும் வளர்ந்தோம். எனக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்த வயதில் அம்மா மார்பில் கட்டி வந்து இறந்துபோனார். அந்த நோயின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. "அம்மாவுக்கு முடியாம இருந்தப்ப" என்றுதான் அப்பா ஆரம்பிப்பார், அதோடு நிறுத்திவிடுவார். அன்று முதல் எனக்குத் தலை பின்னிவிட்டதும், பள்ளிக்கு அனுப்பியதும், இருட்டில் கொல்லைப்புறம் போகத் துணைக்கு வந்ததும் அக்காதான். துணைக்கு வந்துவிட்டு, கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பேய்போல முனகியதும் அவர்தான்.

படிப்பு முடிந்ததும் அக்காவுக்கு கம்பெனியின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை கிடைத்தது. காதில் ஹெட்போனும் கையில் ஒயர்களுமாக ஷிப்டில் உட்கார்ந்து, சுரங்கத்துக்கும் அனல் மின் நிலையத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் இணைப்புக் கொடுப்பார். முகம் தெரியாதவர்களுக்கும் அவர் குரல் தெரியும். கடையில் காய்கறி விலை கேட்டால் பக்கத்தில் நிற்பவர் திரும்பி, "எக்ஸ்சேஞ்ச் மேடமா நீங்க?" என்பார். சுரங்கத்தில் விபத்து என்றால் முதலில் அறிந்தது அக்காவாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்தபின் அதைப் பற்றி மூச்சுவிட மாட்டார். பிறகு எல்லாம் தானியங்கி ஆனபோது அவரை ஓர் அலுவலகத்துக்கு மாற்றினார்கள். அங்கேயும் கோப்புகளைவிடத் தொலைபேசிதான் அவரிடம் அதிகம் வந்தது.

அவருடைய தைரியத்துக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு முறை குவார்ட்டர்ஸ் குளியலறைக்குள் நல்ல பாம்பு வந்துவிட்டது. நான் கட்டில்மேல் ஏறி நின்று தெருவையே கூட்டினேன். அக்கா குளியலறைக் கதவைச் சாத்தி, அடியில் ஈரச் சாக்கைத் திணித்து, செக்யூரிட்டிக்கு போன் செய்துவிட்டு, நேரத்துக்குக் கம்பெனி பஸ்ஸைப் பிடித்து வேலைக்குப் போய்விட்டார். "பாம்புக்காக லீவு போட முடியுமாடி?" என்று கேட்டார். இப்படிப்பட்டவர் பயந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன் என்பதைத்தான் எழுத வந்திருக்கிறேன்.

மாமாவுக்குச் சொந்த ஊர் வடக்குத்து. சுரங்கத்தில் இயந்திரம் ஓட்டுபவர். அதிகம் பேசாதவர், ஆலயத்துக்குத் தவறாதவர். ஒரே மகள் ஜெனி. தானே புயல் வீசி டவுன்ஷிப்பின் மரங்களையெல்லாம் சாய்த்துவிட்டுப் போன அடுத்த வருஷம், ஜெனி கல்லூரியில் சேர்ந்த சமயத்தில், அக்கா ஒரு நாள் மத்தியானம், கல்யாணமாகி நான் இருந்த குவார்ட்டர்ஸுக்கு வந்தார். நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன்.

"கஞ்சியக் கீழ வெச்சிட்டு வா. ஒரு விஷயம் சொல்லணும். கையில சூட்ட வெச்சிக்கிட்டுக் கேக்காத," என்றார்.

பானையைக் கீழே வைத்தேன்.

"அம்மாவுக்கு வந்ததுதான். எனக்கும் வந்திருக்கு."

அவ்வளவுதான் சொன்னார். நான் அழுதேன். அக்கா என் முந்தானையை எடுத்து என் முகத்தையே துடைத்துவிட்டு, "மாமாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ போய் அங்க அழுது வெக்காத, அவரு தாங்க மாட்டாரு," என்றார். சோறு குழைந்துபோய்விட்டது. அதையே இருவரும் சாப்பிட்டோம்.

கம்பெனி ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்து, சென்னையில் ஆபரேஷன் நடந்தது. அதன்பின் ஊசிகள். எல்லா ஊசியும் முடிந்தால் கதிர்வீச்சு என்கிற கரண்ட் வைக்க வேண்டும், பிறகு சில வருஷம் மாத்திரை சாப்பிட வேண்டும் என்று டாக்டர் வரிசையாக விளக்கினார். கூடவே என்னைப் பார்த்து, "அம்மாவுக்கும் இருந்திருக்கு. நீங்களும் ஒரு தடவை பரிசோதனை பண்ணிக்கணும்," என்றார். நான் தலையாட்டினேன். தலையாட்டுவதற்கு எனக்குப் பயம் கிடையாது.

அந்த மாதங்களில் அக்கா வீட்டில் ஜெபம் ஓயவில்லை. காலையில் ஒரு சபையார், மாலையில் ஒரு சபையார். வந்தவர்கள் அன்பாகத்தான் வந்தார்கள், அதில் எனக்குக் குறை இல்லை. எக்ஸ்சேஞ்சில் அக்காவோடு வேலை பார்த்த மீனாட்சி அம்மா தம் குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டு வெள்ளிக்கிழமைதோறும் ஒருவேளை சாப்பாட்டை விட்டார். ஊசி போட்ட வாரத்தில் அக்காவுக்கு எது கொடுத்தாலும் வாந்தி வரும். நார்த்தங்காய் ஊறுகாயும் நொய்க்கஞ்சியும் மட்டும் உள்ளே போகும் என்பதைக் கண்டுபிடித்து, தூக்குவாளியில் கொண்டுவந்ததும் அந்த அம்மாதான். முடி உதிர்ந்தபோது அக்கா கண்ணாடியைப் பார்த்து, "அப்பா சாடை நல்லாத் தெரியுது," என்றார்.

ஊசிகள் பாதி முடிந்த நிலையில் வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்தார். மைதானத்தில் பந்தல் போட்டுக் கூட்டம் நடந்தது. மாமாதான் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனார், நானும் போனேன். நோயாளிகளை முன்னே அழைத்து எண்ணெய் பூசி ஜெபித்தார்கள். அக்காவின் தலையில் பிரசங்கியார் கை வைத்தபோது தம் உடல் முழுதும் ஒரு சூடு பரவியதாக அக்கா பிறகு சொன்னார். நான் அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். "சுகமாயிட்டேன்னு வாயால அறிக்கை பண்ணு. பயப்படுறது விசுவாசம் இல்லைனு அர்த்தம். மருந்தைப் பிடிச்சிக்கிட்டிருந்தா அற்புதத்தைப் பிடிக்க முடியாது," என்று பிரசங்கியார் சொன்னதும் என் காதில் விழுந்தது.

எங்கள் ஆலயத்தில் ஆராதனையின் நடுவே சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. பரீட்சையில் தேறியவர்கள், பிள்ளைப்பேறு பெற்றவர்கள், விபத்தில் தப்பியவர்கள் மைக்கின் முன் வந்து ஆண்டவருக்கு நன்றி சொல்வார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா தலையில் முக்காடோடு எழுந்து போனார். ஊருக்கெல்லாம் இணைப்புக் கொடுத்த அந்தக் குரலில், தெளிவாக, "நான் சுகமாயிட்டேன்," என்றார். ஆலயம் முழுவதும் கைதட்டியது. மாமா ஆண்கள் பக்கத்தில் உட்கார்ந்து குலுங்கி அழுதார். நானும் கைதட்டினேன். பயத்திலிருந்து ஒரு நாள் விடுமுறை கிடைத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

அதன்பின் அக்கா மீதி ஊசிக்குப் போகவில்லை. எங்கள் போதகர் ஐயா வீடு தேடி வந்து, "ஜெபமும் இருக்கட்டும், வைத்தியமும் இருக்கட்டும்மா. ரெண்டும் அவர் கொடுத்ததுதானே," என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். நான் டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றேன். அக்கா என்னைத் திட்டினார். மாமாவோ, "சபைக்கு முன்னாடி சொல்லிப்புட்டு இப்போ போயி ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுகினு இருந்தா, ஆண்டவரு பேரு இன்னா ஆவும்?" என்றார். மாமாவைத் தவறாக நினைக்காதீர்கள். ஊசி ஏறும்போது அக்கா கண்ணை மூடிக்கொண்டு கிடப்பதை அவரால் பார்க்க முடியவில்லை. என் பயம் அழுகையாக வந்தது, அவர் பயம் விசுவாசமாக வந்தது. இதை அவரிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுக்கிறேன்.

முடி வளர்ந்தது. உடம்பும் தேறியதுபோல் இருந்தது. அக்காவைப் பல ஊர்ச் சபைகளில் சாட்சி சொல்ல அழைத்தார்கள். சேத்தியாத்தோப்பு வரை போய் வந்தார். ஒவ்வொரு முறை அவர் பஸ் ஏறும்போதும் போடாமல் விட்ட ஊசிகளை நினைத்துக்கொள்வேன். வாயைத் திறந்தால் அவிசுவாசி என்பார்கள் என்று சும்மா இருந்தேன்.

ஏறக்குறைய ஒரு வருஷம் இப்படிப் போயிற்று. பிறகு அக்கா முழுக்கை ரவிக்கை போட ஆரம்பித்தார். நெய்வேலி வெயிலில் முழுக்கை. கேட்டதற்கு, வயசாகிறது, அடக்கமாக இருக்கிறேன் என்றார். ஜெனிக்கு வரன் பார்க்க ஆரம்பித்திருந்த நேரம் அது. ஒரு நாள் சமையலறையில் நானும் அவரும் இட்லிக்கு ஆட்டிக்கொண்டிருந்தோம். மாவை வழிக்க வேண்டும் என்று இடது கையிலிருந்த வளையலைக் கழற்றப் பார்த்தார், வரவில்லை. சோப்புப் போட்டு நான் இழுத்தேன். அப்போதுதான் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தேன். மணிக்கட்டிலிருந்து மேலே வரை கொழுகொழுவென்று வீங்கி இருந்தது. கழுத்தோரம் தொட்டேன், கல்போல ஒன்று தட்டுப்பட்டது. அக்கா என் கையைத் தள்ளிவிட்டார்.

"எவ்ளோ நாளா?" என்றேன்.

"இருக்குது, கொஞ்ச நாளா."

"மாமாவுக்குத் தெரியுமா?"

"அவரு பாக்கிறாரு. கேக்க மாட்டேங்கிறாரு."

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அக்காவும் எதிரே உட்கார்ந்தார். பாம்பு வந்த நாளில் பார்த்த முகம் அல்ல அது. உதடு வறண்டு, கண் ஓரிடத்தில் நில்லாமல், என்னைவிடச் சின்னவராகத் தெரிந்தார்.

"எனக்குப் பயம் வந்துடுச்சிடி. பயப்படக் கூடாதுன்னு சொல்லிட்டாங்களே, அதனால பயந்ததுக்கே பயமா இருக்கு. ஜெபம் பண்ண உக்காந்தா, சுகம் குடுத்ததுக்கு ஸ்தோத்திரம்னு வாய் சொல்லுது. கை கழுத்தத் தடவிப் பாக்குது."

நான் பயந்தவர்களுக்கே உரிய வழியைச் சொன்னேன். சென்னையில் ஜெனிக்குத் துணி எடுக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போகலாம், டாக்டரைப் பார்க்கலாம், இங்கே ஓர் ஈ எறும்புக்கும் தெரிய வேண்டாம் என்றேன். எனக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது.

அக்கா தலையை அசைத்தார். "சேத்தியாத்தோப்புல ஒரு அம்மா. சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கிட்டு இருந்தவங்க. போன வாரம் போன் பண்ணாங்க. உங்க சாட்சியக் கேட்டு நானும் ஊசிய விட்டுட்டேன் சிஸ்டர், ஆனா கால் புண்ணு ஆறல, நீங்க ஜெபம் பண்ணுங்கன்னாங்க. நான் திருட்டுத்தனமா போய் ஊசி போட்டுக்கிட்டு வந்தா, அவங்க கால் என்னடி ஆகும்?"

நான் அவர் கையிலிருந்த சோப்பு நுரையைத் துடைத்துவிட்டேன்.

"எக்ஸ்சேஞ்சுல தப்பா லைன் குடுத்துட்டா நாமதான் எடுத்து மாத்திக் குடுக்கணும். ரெண்டு பக்கமும் அலோ அலோன்னு கத்திக்கிட்டு இருப்பாங்க, நாம சும்மா உக்காந்திருக்க முடியாது. மைக்குல சொன்னத மைக்குலதான் மாத்தணும். ஆனா என்னால முடியுமான்னு தெரியல," என்றார். அந்த அம்மாவுக்கு மட்டும் அன்றைக்கே போன் செய்து, உடனே டாக்டரிடம் போகச் சொன்னார். மற்றவர்கள் யார் யாரோ, எந்தெந்த ஊரோ, அவருக்குத் தெரியாது.

அந்த வாரம் முழுவதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அக்கா சொல்லாமல் விட்டுவிட்டால் ஆஸ்பத்திரிக்கும் போக மாட்டார், அது நிச்சயம். சொல்லிவிட்டால் சபை என்ன செய்யும்? மாமா என்ன செய்வார்? பொய்ச்சாட்சி என்பார்களா? பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன சொல்வார்கள்? எல்லாக் கேள்வியையும் நானே கேட்டு நானே நடுங்கிக்கொண்டிருந்தேன். அக்கா மாமாவிடமும் எதுவும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரம் வந்தது. பெண்கள் பக்கத்தில் நான் அக்காவை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். ஒரு தம்பி வேலை பர்மனென்ட் ஆனதற்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். அக்கா எழுந்திருக்கவில்லை. போதகர் ஐயா, "வேறு யாராவது?" என்று கேட்டுவிட்டு வேதத்தைத் திறந்தார். அவ்வளவுதான், விட்டுவிட்டார் என்று நினைத்தேன். அதில் எனக்கு ஒரு நிம்மதியும் வந்தது, உடனே அதைவிடப் பெரிய திகிலும் வந்தது. அப்போதுதான் அக்கா எழுந்தார்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம்," என்று ஆரம்பித்தார். வழக்கமாக அதற்குப் பதில் வரும், அன்றும் வந்தது. "இதே எடத்துல நின்னு சுகமாயிட்டேன்னு நான் சொன்னேன். பொய் சொல்லணும்னு சொல்லல. நம்பித்தான் சொன்னேன். ஆனா கட்டி திரும்ப வந்திருக்கு. கழுத்துல இருக்கு. ரொம்ப நாளாவே தெரியும். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம மறைச்சிட்டேன். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

அந்தக் குரல் அங்கே உடைந்தது.

"எனக்குப் பயமா இருக்குங்க. ஆண்டவர் மேல சந்தேகம் இல்ல. பயம்தான். நான் சொன்னதக் கேட்டு யாராவது மருந்த விட்டிருந்தா, தயவுசெஞ்சு திரும்பப் போயிடுங்க. தெரிஞ்சவங்களுக்கும் சொல்லுங்க. அவ்வளவுதான்."

யாரும் கைதட்டவில்லை. யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. அக்கா மைக்கைப் பிடித்தபடியே நின்றார், திரும்பி நடக்க அவருக்குக் கால் வரவில்லை. என் கால்களோ பெஞ்சுக்கு அடியில் ஒட்டிக்கொண்டுவிட்டன. அப்போது ஆண்கள் பக்கத்தில் மாமா எழுந்தார். வாசல் பக்கம் திரும்பினார். வெளியே போகிறார் என்று நினைத்து நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது மாமா பெண்கள் பக்கத்தில் நின்றார். எங்கள் ஆலயத்தில் ஆண்கள் அப்படிக் கடந்து வருவதில்லை. பின்பக்கமாகச் சுற்றி வந்து, என் பக்கத்தில் கிடந்த அக்காவின் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, முன்னே போய் அக்காவின் வீங்காத கையைப் பிடித்தார். மைக் திறந்திருந்ததால் அவர் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

"நாளைக்கு இன்னாத்துக்கு? ஆராதனை முடிஞ்சதும் பஸ் ஏறிடலாம் வா. நானும்தான் பாத்துகினே இருந்தேன், கேக்க பயந்துகினு."

போதகர் ஐயா பிரசங்கத்தை விட்டுவிட்டார். இறங்கி வந்து அவர்கள் இருவர் பக்கத்திலும் முழங்கால் போட்டார், ஆனால் எதையும் அறிக்கை பண்ணவில்லை. "கூட இரும் ஆண்டவரே," என்று மட்டும் சொன்னார். அன்று சிலர் அக்காவிடம் பேசாமல் போனார்கள். ஒரு சகோதரி வாசலில் நிறுத்தி, "அப்போ ஆண்டவர் தோத்துட்டாரா?" என்று கேட்டார். "எனக்குத் தெரியாதுங்க. நான் பஸ்ஸுக்குப் போறேன்," என்றார் அக்கா.

தாமதமாக வந்திருக்கிறீர்கள் என்றார் டாக்டர். அதை மறைத்து எழுத எனக்கு மனம் இல்லை. ஆனாலும் விட்ட ஊசிகளும் கரண்டும் மாத்திரைகளும் அக்காவுக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் கொடுத்தன. ஜெனியின் கல்யாணத்தை நடத்தினார். நோயைச் சொல்லித்தான் பெண் கொடுத்தார். பேரனைக் குளிப்பாட்டினார். பிரசங்கியார் மேல் கோபமா என்று நான் கேட்டபோது, "ஜெபம் பண்ணதுக்கு இல்ல. பயப்படாதன்னு சொன்னதுக்குக் கொஞ்சம் இருக்கு," என்றார். கடைசி நாட்களில் நோய் எலும்பில் பரவி, புரட்டிப் படுக்க வைக்கவும் ஆள் வேண்டியிருந்தது. சாகப் பயந்தார். அழுதார். மாமா கையைப் பிடித்துக்கொண்டு, பயத்தை ஆண்டவரிடம் சொல்லிச் சொல்லியே தூங்குவார். ஒரு விடியற்காலை அப்படியே, நாங்கள் எல்லோரும் பக்கத்தில் இருக்க, அவர் மூச்சு நின்றது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய. பெயர் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். கம்பெனி ஆஸ்பத்திரியிலும் சென்னையிலும் கவனித்துக்கொண்ட டாக்டர்கள், நர்சுகள். விடுப்புக்கு வழி செய்து மாமாவின் ஷிப்டையும் பார்த்த சுரங்கத்து நண்பர்கள். தூக்குவாளியோடு வந்த மீனாட்சி அம்மா. கடைசிவரை வந்து போன போதகர் ஐயா. அன்று பேசாமல் போய், பிறகு ஒவ்வொருவராக வந்து அக்காவின் கால் பிடித்துவிட்டுப் போன எங்கள் சபைச் சகோதரிகள். வாசலில் கேள்வி கேட்ட சகோதரியும் அதில் உண்டு. அடக்கத்துக்கு வந்தவர்களிடையே ஊன்றுகோலோடு ஓர் அம்மா நின்றார், சேத்தியாத்தோப்பிலிருந்து வந்ததாகச் சொன்னார். அவருக்கும் நன்றி.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். டாக்டர் சொன்ன பரிசோதனைக்கு நான் இதுவரை போகவில்லை. அக்கா இருந்தவரை அவரைப் பார்ப்பதே வேலை என்றேன், போனபின் துக்கம் என்றேன். இந்த மலருக்காக எழுத உட்கார்ந்த நாட்களில் ஒரு நாள், குளிக்கும்போது, என் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. கட்டிதானா என்று தெரியாது. நேற்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன், மாமாவிடமும் சொன்னேன். வருகிற வியாழக்கிழமை இருவரும் என்னைச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள்.

இந்த மலரை வாங்கிப் படிக்கும் உங்கள் ஜெபத்தில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுகமாகிவிட்டது என்று மட்டும் இப்போதைக்கு யாரும் சொல்லிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
அக்காவின் தங்கை